மிஸஸ் ஹார்க்னெஸ் இழந்த வாக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள இந்தக் குரோருட்டில், நான் செய்த காரியத்துக்காக என் மகள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடு தேடி வந்த தமிழ்ச் சங்கத் தலைவரை, வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வந்த மனிதரை, குசினிக்குள் அனுப்பித் தேநீர் போட வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். இம்முறை ஒஸ்லோ உள்ளூராட்சித் தேர்தலில் நம் பிள்ளைகள் இருவர் நிற்கிறார்கள். ஒரு பெண், ஒரு பையன். பிரித்தானிய நாடாளுமன்றப் பெண் உறுப்பினர் ஒருவரின் தொகுதி அலுவலகத்தில் காலம் முழுக்க வேலை செய்துவிட்டு, மகளோடு வந்து இருக்கும் கிழவன் ஒருவன் இங்கே உண்டென்று கேள்விப்பட்டு, நாலு விஷயம் கேட்டுப்போக வந்தார்கள். கூடவே தலைவரும் வந்தார். வந்தவர் வந்ததுதான், மற்ற இருவருக்கும் பேச இடமே இல்லை. அந்தப் பெண் ஒருமுறை வாய் திறந்தாள். "பிள்ளை என்ன சொல்ல வாறா எண்டால்..." என்று தலைவர் தொடங்கிவிட்டார். பிள்ளை சொல்ல வந்தது அப்படியே நின்றுபோனது.

எனக்குப் பொறுக்கவில்லை.

"தலைவர், குறை நினையாதேங்கோ. குசினியிலை கேத்தில் கிடக்கு. எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணி போடுவீங்களோ?" என்றேன்.

மனிதர் திகைத்துப்போய் எழுந்து போனார். கதவு மூடியதும் அந்தப் பெண் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்து, மனதில் இருந்ததைக் கேட்டாள். "அங்கிள், உங்கட எம்.பி. மனிசி எப்பிடி அவ்வளவு காலம் தோக்காமல் இருந்தவ?"

"தேத்தண்ணியாலை," என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வங்கியில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். கணக்கியல் படிக்கிறேன் என்று லண்டன் போய், படிப்பை விட்டு, பெட்ரோல் நிலையம், பொதி கட்டும் வேலை என்று அலைந்து, கடைசியில் மிஸஸ் எனிட் ஹார்க்னெஸ் அலுவலகத்தில் கடித உறை ஒட்டப் போனேன். தொகுதியில் நம்மவர்கள் பெருகப் பெருக, உறை ஒட்டியவன் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். பிறகு மக்களின் முறைப்பாடுகளைக் கையாளும் உதவியாளன் ஆனேன். ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை, அதுதான் என் பெருமையும்.

மிஸஸ் ஹார்க்னெஸ் இளவயதில் குளிர்ச்சட்டை தைக்கும் தொழிற்சாலையில் இயந்திரத்தில் இருந்தவர். தொழிற்சங்கத்தில் பேசிப் பழகி, இரண்டு தேர்தலில் தோற்று, மூன்றாவதில் வென்றார். அதன்பின் முப்பது வருடத்துக்கு மேலாக அந்தத் தொகுதியை யாராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. அமைச்சராக அவர் வந்ததே இல்லை. யாராவது அழைத்திருந்தாலும், சனிக்கிழமை காலையில் எனக்கு வேலை இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு நூலகத்தின் பின்னறையில் தொகுதி மக்களைச் சந்திப்பார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரத் தேவையில்லை. வந்தவர் வரிசையில் இருந்தால் போதும். அறையில் மேசை கிடையாது. இரண்டு நாற்காலிகளும் பக்கம் பக்கமாக, பஸ்ஸில் போகிறவர்கள் இருப்பதுபோல, யன்னலைப் பார்த்தபடி இருக்கும். மூன்றாவதாகச் சற்றுப் பின்னே என்னுடையது. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இன்றைக்கு இங்கே எப்படி வந்தீர்கள்?" நடந்தா, பஸ்ஸிலா, யாரும் கொண்டுவந்து விட்டார்களா, பிள்ளைகளை யாரிடம் விட்டீர்கள் என்று அந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குடும்பம் தெரிந்துவிடும். பிறகு கேட்டுக்கொண்டே இருப்பார். எல்லாம் முடிந்து வந்தவர் எழும்பப் போகும் நேரத்தில் கடைசிக் கேள்வி வரும்: "நான் கேட்காமல் விட்டது என்ன?" கேட்டுவிட்டு ஆளைப் பார்க்கமாட்டார். யன்னலுக்கு வெளியே பார்ப்பார். எத்தனையோ பேர் அந்த மௌனத்தில்தான் உண்மையான பிரச்சினையைச் சொன்னார்கள்.

"பார்க்கலாம்" என்ற சொல் அவரிடம் இல்லை. செய்வேன், அல்லது முடியாது. முடியாது என்று கேட்டுக்கொண்டு போனவர்களும் தேர்தலில் அவருக்கே போட்டார்கள். அது ஏனென்று எதிர்க்கட்சிக்காரருக்குக் கடைசிவரை புரியவில்லை.

நம்மவர்கள் வரத் தொடங்கியபோதுதான் அவருக்குப் புதுத் தலையிடி தொடங்கியது. பிரச்சினை ஒருவருக்கு இருக்கும். வருவது நாலு பேர். பிரச்சினைக்காரர் கைகட்டி மூலையில் இருப்பார். ஊரில் படித்தவர், கோயில் செயலாளர், மச்சானின் மச்சான் என்று மற்றவர்கள் பேசுவார்கள். அது நம் மரியாதை. பெரியவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை. மிஸஸ் ஹார்க்னெஸ் கொஞ்சக் காலம் பொறுத்தார். ஒருநாள், மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்த கோயில் செயலாளரைப் பார்த்து மிகவும் இனிமையாக, "ஐயா, எனக்கு ஓர் உதவி செய்வீர்களா? அடுத்த அறையில் கேத்தில் இருக்கிறது," என்றார். செயலாளர் பெருமையோடு எழுந்து போனார். அவர் திரும்பி வருவதற்குள் மூலையில் இருந்த மனுசி தன் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. செயலாளர் அடிக்கடி வருவார், அடிக்கடி தேநீர் போடுவார். போகப் போக அவருடைய பேச்சைவிடத் தேநீர் நன்றாக இருந்தது.

இனி அந்த ஒரு வழக்கு.

புது நூற்றாண்டு தொடங்கிய சமயம். கணேசலிங்கம் என்று ஒருவர், பேக்கரி ஒன்றில் வேலை செய்பவர், ஒரு சனிக்கிழமை வந்தார். செயலாளர் கேட்காமலே கேத்திலுக்குப் போய்விட்டார். கணேசலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போர்க்காலத்தில் மனைவியும் சின்ன மகளும் நோர்வேக்குத் தப்பி வந்துவிட்டார்கள். அவர் பின்னால் வர முடியாமல் அகப்பட்டு, பல வருடம் கழித்து லண்டனில்தான் கரையேறினார். அதற்குள் மனைவி ஒஸ்லோவில் நோயில் இறந்துபோனார். மகள் மைதிலியைப் பெரியம்மாவும் பெரியப்பாவும் குரோருட்டில் வளர்க்கிறார்கள். இப்போது இவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. மகளை லண்டனுக்கு எடுக்க விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள்.

"அவளுக்குப் பதினாறு நடக்குது. பதினெட்டு முடிஞ்சால் பிறகு எடுக்கேலாது எண்டினம்," என்றார். "நான் அவளுக்கு ஒரு அறை எடுத்து, யன்னலுக்கு ரோசாப்பூ நிறத்திலை திரைச்சீலையும் போட்டு வைச்சிருக்கிறன்."

நான் மொழிபெயர்த்தேன். மிஸஸ் ஹார்க்னெஸ் திரைச்சீலைக்கு மட்டும் தலையசைத்தார். பிறகு, "செய்வேன்," என்றார்.

மறுப்புக்குக் காரணம் கேட்டு எழுதினோம். பதில் நேர்மையாகவே இருந்தது. ஒஸ்லோவில் நடந்த நேர்காணலில் பெண் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. கூட வந்த பெரியவரே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தகப்பனோடு வாழப் பிள்ளைக்கு விருப்பம் உண்டா என்றே அதிகாரியால் நிச்சயிக்க முடியவில்லை. மிஸஸ் ஹார்க்னெஸ் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சிவா, அந்த அதிகாரியிடம் கேத்தில் இருக்கவில்லை," என்றார்.

நல்லகாலமாக அந்த மாசி மாதம் நாடாளுமன்றக் குழு ஒன்றில் அவர் ஒஸ்லோவுக்கு வருவதாக இருந்தது. குழு திரும்பிய பிறகு ஒருநாள் தங்கி அந்தப் பெண்ணைப் பார்ப்பதாகச் சொன்னார். நானும் விடுமுறை போட்டுவிட்டு மகள் வீட்டுக்கு வந்தேன். அப்போதே மகள் குரோருட்டில்தான்.

டாக்ஸி வேண்டாம் என்றுவிட்டார். சுரங்க ரயிலில் வந்தோம். நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் ஏற்றம் முழுக்கக் கண்ணாடிபோல் இறுகிய பனி. என் மகள் கொடுத்துவிட்ட முள்ளுப் பட்டையைச் சப்பாத்தின் அடியில் மாட்டிக்கொண்டு, எழுபதை நெருங்கிய மனுசி என்னை முந்திக்கொண்டு ஏறினார். நான்தான் இரண்டு தரம் வழுக்கினேன்.

பெரியப்பா நடராசா வாசலிலேயே நின்றார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் என்ற ஊரின் மீன் தொழிற்சாலைக்கு வந்த நம் இளம் பெடியளில் முதலில் நோர்வே மொழி பிடித்தவர் அவர். மேற்பார்வையாளரிடம், வைத்தியரிடம், காவல் நிலையத்தில், எல்லோருக்காகவும் அவரே பேசினார். ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. அவர் வாயால் வாழ்ந்த குடும்பங்கள் பல. கெட்ட மனிதர் இல்லை, தங்கமான மனிதர்.

சப்பாத்தைக் கழற்றினோம். மிஸஸ் ஹார்க்னெஸின் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார், விரலை ஒருமுறை அசைத்தார், உள்ளே போனார். மேசையில் வடை, ரோல்ஸ், கேசரி, தேநீர் எல்லாம் தயாராக இருந்தன. மைதிலி சோபாவின் ஓரத்தில், கைகளை முழங்காலுக்குள் செருகிக்கொண்டு இருந்தாள். பெரியப்பா நின்றபடியே ஆங்கிலமும் நோர்வே மொழியும் கலந்து வரவேற்புரை தொடங்கினார்.

நான் மிஸஸ் ஹார்க்னெஸைப் பார்த்தேன். அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஏற்கெனவே போட்டாயிற்று. தவிர, வீட்டுக்காரனை அவன் வீட்டிலேயே குசினிக்கு அனுப்ப முடியாது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த மனுசி மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் ரசித்தேன் என்றும் சொல்லவேண்டும்.

அவர் மைதிலியிடம் முதல் கேள்வியைக் கேட்டார், நான் தமிழாக்கினேன். "இன்றைக்குப் பள்ளியிலிருந்து எப்படி வந்தாய்?"

"அவ ஸ்கூலிலையிருந்து நடந்துதான் வாறவ," என்றார் பெரியப்பா.

"பாடங்களில் எது பிடிக்கும்?"

"அவவுக்குக் கணக்குத்தான் விருப்பம். மருத்துவம் படிக்கவேணும் எண்டு ஆசை," என்றார் பெரியப்பா.

மைதிலியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மிஸஸ் ஹார்க்னெஸ் எழுந்தார். "என் கையுறை ஒன்று நிலையத்தில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. வழி தெரிந்த யாராவது என்னோடு வருவார்களா? பெரியவர்கள் வேண்டாம், ஏற்கெனவே சிவாவை இரண்டு தரம் தூக்கியாயிற்று."

பெரியப்பா சப்பாத்துக்குப் பாய்ந்தார். நானும் எழுந்தேன். பேச மொழிபெயர்ப்பாளன் வேண்டுமே!

"சிவா, நீங்கள் இருந்து வடை சாப்பிடுங்கள். மைதிலிக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் இருக்கிறது," என்றார்.

முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. இத்தனை காலமும் செயலாளர்மாரைப் பார்த்துச் சிரித்த நான், அன்று பெரியப்பாவோடு ஒரே வரிசையில் உட்காரவைக்கப்பட்டேன். கதவு மூடியது. நானும் அவரும் யன்னலுக்குப் போனோம். கீழே, இரண்டு பக்கமும் குவித்த பனிக்கு நடுவே, குட்டையான உருவமும் நெட்டையான உருவமும் பக்கம் பக்கமாக நடந்தன. நிலையம் இருக்கும் பக்கம் போகவில்லை. கட்டடத் தொகுதியைச் சுற்றி வந்தன. மறுபடியும் சுற்றின.

"கையுறை அந்தப் பக்கம் இல்லையே," என்றார் பெரியப்பா.

"இல்லைத்தான்," என்றேன்.

"அப்ப என்ன தேடினம்?"

நான் வடையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது இருவருக்கும் மூக்கு சிவந்திருந்தது. மைதிலி அழுதிருந்தாள், ஆனால் நிமிர்ந்து நின்றாள். மிஸஸ் ஹார்க்னெஸ் உட்கார்ந்துகொண்டு, "மைதிலி சொல்லுவாள். அவளுடைய விஷயம்," என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

"பெரியப்பா," என்றாள் மைதிலி. "எனக்கு அப்பா வேணும். ஒவ்வொரு நாளும் வேணும். ஆனா நான் லண்டனுக்குப் போகமாட்டன். அம்மாவோட நான் இருந்தது இஞ்சைதான். என்ர சிநேகிதம், ஸ்கூல், நீங்கள், பெரியம்மா, எல்லாம் இஞ்சைதான். அப்பா இஞ்சை வரட்டும்."

பெரியம்மா குசினி வாசலில் கையைத் துடைத்தபடி நின்றார்.

"அண்டைக்கு அந்த அதிகாரி கேக்கேக்கை இதைச் சொன்னால் அப்பாவுக்கு நோகும். சொல்லாமல் விட்டால் என்னை அனுப்பிப்போடுவினம். அதாலைதான் வாயே திறக்கேல்லை. நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தது எனக்கு வசதியாப் போச்சு."

"ஏன் பிள்ளை, என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?" பெரியப்பாவின் குரல் உடைந்துபோனது.

"நீங்கள் கேக்கேல்லையே, பெரியப்பா."

அந்த மனிதர் சோபாவில் உட்கார்ந்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். பிறகு, நான் என் வாழ்நாளில் கேட்ட மிக அழகான கேள்விகளில் ஒன்றைக் கேட்டார். "சரி. நான் என்ன செய்யவேணும், பிள்ளை?"

அப்போதுதான் மிஸஸ் ஹார்க்னெஸ் வடையை எடுத்தார். வேலை முடியாமல் அவர் எதையும் வாயில் வைப்பதில்லை. ஆறிப்போன வடை நாலைச் சாப்பிட்டார். பெரியம்மாவின் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது.

வழக்கு அங்கே தலைகீழானது. கைவசம் இருந்த எல்லாக் கடிதமும் மகளை லண்டனுக்கு எடுப்பதற்கானவை. இனித் தகப்பனை ஒஸ்லோவுக்கு அனுப்பவேண்டும். மிஸஸ் ஹார்க்னெஸுக்கு இங்கே ஓர் அதிகாரமும் இல்லை. அதைவிடக் கடினம், கணேசலிங்கத்திடம் சொல்வது. அந்தச் சனிக்கிழமை நான்தான் மொழிபெயர்த்தேன். ரோசாப்பூத் திரைச்சீலையை நினைத்துக்கொண்டே சொன்னேன்.

"அப்ப, நான்தான் அங்கை போகவேணுமோ?" என்றார் கணேசலிங்கம். "ஏன் எனக்கு இது தோன்றேல்லை? அப்பன் இருக்கிற இடத்துக்குப் பிள்ளை வரவேணும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

"போவீங்களோ?" என்று கேட்டேன். மொழிபெயர்ப்பில் இல்லாத கேள்வி அது.

"அவள் வரச்சொல்லிக் கேட்டவள் எல்லோ? முதல்தரம் என்னட்டை ஒண்டு கேட்டிருக்கிறாள்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு வேலை, வேலை, வேலை. நோர்வேச் சட்டத்தில் பிள்ளையிடம் பெற்றோர் வந்து சேர ஒரு வழி இருந்தது. அந்த வழியை ஒஸ்லோவில் பிடித்துக்கொண்டு ஓடியவர் பெரியப்பாதான். பாட்ஸ்பியோர்ட்டில் பழகிய அந்த வாய் எதற்கென்று இருந்ததோ, அதற்கே பயன்பட்டது. ஒரேயொரு வித்தியாசம், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மைதிலியிடம் கேட்டுக்கொண்டு பேசினார். லண்டனில் கணேசலிங்கத்துக்குப் பயணப் பத்திரம் வேண்டும். அதற்காக மிஸஸ் ஹார்க்னெஸ் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் தானே தொலைபேசி எடுத்தார். "இது எனிட் ஹார்க்னெஸ். போன திங்களும் நான்தான். வருகிற திங்களும் நான்தான்," என்பார். மறுமுனையில் இருந்தவர்கள் திங்கட்கிழமைகளில் லீவு எடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அலுவலகத்தில் பகிடி பண்ணினோம்.

இடையில் தேர்தல் வந்தது. கூட்டம் ஒன்றில் எதிரணிக்காரர் ஒருவர் எழுந்து, தொகுதி ஆட்களை நோர்வேக்கு ஏற்றுமதி செய்கிறீர்களாமே என்று கேட்டார். இலங்கையர் கொமன்வெல்த் நாட்டவர், அதனால் கணேசலிங்கத்துக்கு அங்கே வாக்கு இருந்தது. மிஸஸ் ஹார்க்னெஸ் ஒலிபெருக்கியைப் பிடித்து, "ஆமாம், எனக்கு நிச்சயமான ஒரு வாக்கை நானே அனுப்புகிறேன். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். எனக்கு வாக்கைவிட அது பெரிது. உங்களுக்கு எப்படி?" என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முந்தைய தேர்தலைவிடப் பெரிய வெற்றி. நான் அன்று ஆடிய ஆட்டத்தை என் மகளிடம் யாரும் சொல்லவேண்டாம்.

அடுத்த கோடையில் நோர்வே அனுமதி வந்தது. கணேசலிங்கம் வந்து இறங்கிய நாளில் நானும் ஒஸ்லோ விமான நிலையத்தில் நின்றேன். பெரியப்பா கோட் போட்டு, கையில் மாலையோடு, சட்டைப் பையில் வரவேற்புரையோடு நின்றார். பெரியம்மா வடைப் பெட்டியோடு நின்றார். மைதிலிக்குப் பதினேழு முடிந்திருந்தது. வெள்ளைக் கோடைச் சட்டையில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடிக் கதவு திறந்து கணேசலிங்கம் வெளியே வந்தார். ஒரு பை, கக்கத்தில் ஒரு கடதாசிச் சுருள். சுருளின் வாயில் ரோசாப்பூ நிறத் துணி தெரிந்தது. எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மகளைப் பத்து வருடத்துக்கு மேல் காணாத மனிதர், எந்தக் காலை முன்னே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அடி முன்னே வைத்தார். வாயைத் திறந்தார். பிறகு திரும்பி மைதிலியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, மாலையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நீ கதை, பிள்ளை," என்றார்.

மைதிலி போனாள். "அப்பா, எப்பிடி வந்தனீங்கள்?" என்று கேட்டாள். எங்கள் மிஸஸ் ஹார்க்னெஸின் முதல் கேள்வி! அந்த மனிதர் பதில் சொல்லத் தொடங்கினார். பேக்கரியில் விடைபெற்றதிலிருந்து, விமானத்தில் கொடுத்த சாப்பாடுவரை, நிறுத்தாமல் சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். அவள் மாலையைப் போட மறந்து கேட்டுக்கொண்டே நின்றாள். எங்களுக்கு ஒரு சொல்லும் பேச இடமில்லை. வாழ்க்கையில் வாயடைத்து நின்று அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் எனக்கு வேறில்லை.

நான் ஒதுக்குப்புறமாகப் போய் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி ஒருமுறைதான் அடித்தது.

"சிவா," என்றார் மிஸஸ் ஹார்க்னெஸ். "என் வாக்கு பத்திரமாக வந்து இறங்கிவிட்டதா?"